மேலதிகப் பாடம்: ஜாவா இணையச் செய்நிரல்களில் தொகுப்பு வழுக்களும் பதிப்புப் பொருத்தமின்மையும்

க.பொ.த. (சாதாரண தர) தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
தொடர்புடைய அலகுகள்: எண் முறைமைகள், செய்நிரலாக்கம், மொழிபெயர்ப்பான்கள், இணைய விருத்தி

கற்றற் பேறுகள்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• ஜாவா செய்நிரலொன்று எழுதப்படுவதிலிருந்து இயங்குவது வரையுள்ள கட்டங்களை விளக்குவீர்கள்.
• ஒரு வழு எந்தக் கட்டத்தில் தோன்றியது என இனங்காண்பீர்கள்.
• கிளாஸ் கோப்பொன்றின் பதிப்பு எண்ணைப் பதினறும எண்ணிலிருந்து கணித்து அறிவீர்கள்.
• பதிப்புப் பொருத்தமின்மையை ஒழுங்குமுறையாகத் தீர்ப்பீர்கள்.

குறிப்பு: இப்பாடத்தில் கட்டளைகளும் கணினிச் சொற்களும் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சுச் செய்தல் வேண்டும்.

1. அறிமுகம்

பின்வரும் நிலைமையைக் கருதுக.

எல்லவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் தரம் 11 மாணவி ஒருத்தி, தனது செயற்றிட்டத்துக்காகக் "கொழுந்து நிறைப் பதிவேடு" என்னும் இணையச் செய்நிரலை ஜாவா மொழியில் எழுதுகின்றாள். அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். காலை, பகல், மாலை என மூன்று தடவை மடுவத்தில் நிறுக்கப்படும் கொழுந்தின் நிறையை அன்றன்றே பதிந்து வைத்தால், மாத இறுதியில் கிடைக்கும் சம்பளத் துண்டுடன் அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதுவே செயற்றிட்டத்தின் நோக்கம்.

பண்டாரவளையில் உள்ள உறவினரின் மடிக்கணினியில் செய்நிரல் நன்றாக இயங்கியது. அதில் இருந்தவை ஜாவா 17, டொம்கட் 10.1 ஆகியன. கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்துக்கு வந்தாள். அங்கு இருந்தவை ஜாவா 8, டொம்கட் 9 ஆகியன. செய்நிரல் இயங்கவில்லை. திரை முழுவதும் ஆங்கிலத்தில் வழுச்செய்தி. மறுநாள் காலை செயற்றிட்டத்தைச் சமர்ப்பிக்க வேண்டும்.

செய்நிரல் பழுதா? இல்லை. கணினி பழுதா? அதுவும் இல்லை. கொழும்பிலிருந்து எல்ல வழியாகப் பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையின் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1676 மில்லிமீற்றர். களனிப் பள்ளத்தாக்குப் பாதையோ முன்னர் 762 மில்லிமீற்றர் அகலமுடையதாக இருந்தது. அந்தக் குறுகிய பாதையின் பெட்டி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், எவ்வளவு சிறந்த பதுளைப் பாதையிலும் அது ஓடாது. இரண்டும் நல்லவை, ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. இத்தகைய நிலையே பொருத்தமின்மை எனப்படும்.

இம்மாணவி சந்தித்த வழுக்கள் ஐந்து. அவற்றுள் நான்கு செய்தியுடன் வந்தன. ஒன்று செய்தி எதுவும் இன்றி ஒளிந்திருந்தது. அவை ஒவ்வொன்றையும் இப்பாடத்தில் வரிசையாகத் தீர்ப்போம்.

2. மூலச் செய்நிரலில் இருந்து திரை வரை

உயர்நிலை மொழியில் எழுதப்பட்ட செய்நிரலை முழுமையாக ஒரே தடவையில் மொழிபெயர்ப்பது தொகுப்பான் ஆகும். ஒவ்வொரு கூற்றாக மொழிபெயர்த்து உடனுக்குடன் நிறைவேற்றுவது வரிமொழிமாற்றி ஆகும். ஜாவா இவ்விரண்டினதும் இயல்புகளைக் கொண்டது.

கட்டம் 1 – எழுதுதல்: மனிதர் வாசிக்கக்கூடிய மூலச் செய்நிரல் எழுதப்படும். கோப்பின் நீட்சி "ஜாவா" ஆகும்.

கட்டம் 2 – தொகுத்தல்: ஜாவாசி எனப்படும் தொகுப்பான் மூலச் செய்நிரலைப் பைட்கோடாக மாற்றும். இக்கோப்பின் நீட்சி "கிளாஸ்" ஆகும். பைட்கோட் எந்தவொரு கணினியினதும் நேரடிப் பொறி மொழி அன்று.

கட்டம் 3 – ஏற்றுதலும் இயக்குதலும்: ஜாவா மெய்நிகர் இயந்திரம் கிளாஸ் கோப்பை நினைவகத்தில் ஏற்றிச் சோதித்து, அந்தக் கணினிக்குரிய அறிவுறுத்தல்களாக மாற்றி இயக்கும்.

கட்டம் 4 – சேவையகம்: இணையச் செய்நிரல் தனியே இயங்குவதில்லை. உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளைப் பெற்று உரிய கிளாஸிடம் ஒப்படைக்கும் டொம்கட் போன்றதொரு சேவையகத்தினுள் அது இயங்கும். ஜேஎஸ்பி பக்கங்களைச் சேவையகமே தொகுத்துக்கொள்ளும். வழக்கமாக அப்பக்கத்தை முதன்முதலில் ஒருவர் திறக்கும்போதே இது நிகழும். எனவே ஜேஎஸ்பி பக்கத்தில் உள்ள தொடரியல் வழு, பக்கத்தைத் திறக்கும் வரை வெளிப்படாமல் இருக்கலாம்.

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படுகின்றது. தொகுப்பானுக்கு ஒரு பதிப்பு உண்டு. மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒரு பதிப்பு உண்டு. சேவையகத்துக்கும் ஒரு பதிப்பு உண்டு. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் மாத்திரமே செய்நிரல் இயங்கும். "என் கணினியில் இயங்கியது" என்பது அம்மூன்றும் அந்தக் கணினியில் பொருந்தின என்பதை மட்டுமே காட்டும்.

3. தொகுப்பு வழுக்களை வாசித்தல்

தொகுப்பான் தரும் வழுச்செய்தியில் பொதுவாக நான்கு தகவல்கள் உண்டு: கோப்பின் பெயர், வரி இலக்கம், வழுவின் வகை, வழு காணப்பட்ட இடத்தைக் காட்டும் கூரிய குறி. மாணவர் பலர் இவற்றை வாசியாமலே செய்நிரலை அங்குமிங்கும் மாற்றத் தொடங்குவர். அது தவறாகும்.

அடிக்கடி தோன்றும் தொகுப்பு வழுக்கள் வருமாறு:

(அ) அரைப்புள்ளி எதிர்பார்க்கப்பட்டது. கூற்றின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டுள்ளது. செய்தி காட்டும் வரியில் தவறு தென்படாவிடின் அதற்கு முந்திய வரியையும் பார்க்க.

(ஆ) குறியீட்டைக் காண முடியவில்லை. மாறியின் அல்லது முறையின் பெயர் பிழையாக எழுதப்பட்டுள்ளது. அல்லது அப்பெயர் இந்தப் பதிப்பின் நூலகத்தில் இல்லை. ஜாவாவில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறானவை என்பதை நினைவில் கொள்க.

(இ) பொதி இல்லை. தேவையான நூலகக் கோப்பு எங்குள்ளது எனத் தொகுப்பானுக்குக் கூறப்படவில்லை. சேர்வ்லெட் நூலகம் ஜேடிகேயுடன் வருவதில்லை. அது டொம்கட்டின் "லிப்" கோப்புறையில் உள்ளது. தொகுக்கும்போது அந்த ஜார் கோப்பைக் கிளாஸ்பாத்தில் சேர்த்தல் வேண்டும்.

(ஈ) ஜாவாசி என்பது கட்டளையாக இனங்காணப்படவில்லை. இது செய்நிரலின் வழு அன்று. ஜேடிகே நிறுவப்படவில்லை, அல்லது அதன் "பின்" கோப்புறை பாத் மாறியில் சேர்க்கப்படவில்லை.

முக்கிய விதி: பல வழுக்கள் ஒன்றாகக் காட்டப்பட்டால் முதலாவதை மாத்திரம் திருத்தி மீண்டும் தொகுக்க. ஒரு நெளி அடைப்புக்குறி விடுபட்டால் பல வழுக்கள் தோன்றலாம். முதலாவதைத் திருத்தியதும் ஏனையவை தாமாகவே மறைவதுண்டு.

4. பதிப்புப் பொருத்தமின்மை

4.1 ஜாவாவின் பதிப்புகள்

ஜாவா மொழி சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங்கின் தலைமையிலான குழுவினால் உருவாக்கப்பட்டு 1995 இல் அறிமுகப்படுத்தப்பட்டது. ஒருமுறை எழுதியதை எங்கும் இயக்கலாம் என்பதே அதன் வாக்குறுதி. 2010 இல் சன் நிறுவனத்தை ஒராக்கிள் நிறுவனம் வாங்கியது. தொடக்கத்தில் புதிய பதிப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளிவந்தன. 2018 முதல் ஆறு மாதங்களுக்கு ஒன்று வெளிவருகின்றது. அவற்றுள் 8, 11, 17, 21, 25 ஆகியன நீண்டகால ஆதரவு வழங்கப்படும் பதிப்புகளாகும்.

இலங்கையிலும் ஜாவாவுக்குச் சிறப்பான இடமுண்டு. சஞ்சீவ வீரவர்ணவும் ஏனையோரும் இணைந்து 2005 இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் முதன்மை மென்பொருட்கள் பல ஜாவாவில் எழுதப்பட்டவை. அத்தகைய மென்பொருட்களுடன் வரும் ஆவணங்கள், எந்த வெளியீட்டுக்கு எந்த ஜேடிகே பதிப்பு வேண்டும் எனக் குறிப்பிடுகின்றன. பெரிய நிறுவனங்களும் செய்யும் இவ்வேலையைச் சிறிய செயற்றிட்டத்திலும் செய்தல் நன்று.

4.2 கிளாஸ் கோப்பினுள் இருக்கும் எண்

ஒவ்வொரு கிளாஸ் கோப்பினதும் முதல் 4 பைட்டுகள் அது கிளாஸ் கோப்பு என்பதைக் காட்டும் அடையாளமாகும். 5 ஆம், 6 ஆம் பைட்டுகள் சிறு பதிப்பு எண்ணையும், 7 ஆம், 8 ஆம் பைட்டுகள் பெரும் பதிப்பு எண்ணையும் கொண்டிருக்கும். தொகுப்பான் இவ்வெண்ணை எழுதுகின்றது; மெய்நிகர் இயந்திரம் இதனை வாசிக்கின்றது.

ஜாவா பதிப்பு – வெளியான ஆண்டு – பெரும் பதிப்பு எண்
1.4 – 2002 – 48
5 – 2004 – 49
6 – 2006 – 50
7 – 2011 – 51
8 – 2014 – 52
11 – 2018 – 55
17 – 2021 – 61
21 – 2023 – 65
25 – 2025 – 69

அட்டவணையை மனனம் செய்யத் தேவையில்லை. பெரும் பதிப்பு எண்ணிலிருந்து 44 ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: ஒரு கிளாஸ் கோப்பின் 7 ஆம், 8 ஆம் பைட்டுகள் பதினறும முறையில் 00 34 எனக் காணப்படுகின்றன. அது எந்தப் பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டது?

தீர்வு: 34 என்னும் பதினறும எண் = (3 × 16) + (4 × 1) = 48 + 4 = 52
52 − 44 = 8
விடை: ஜாவா 8

4.3 பொருத்தத்தின் திசை

தரம் 11 மாணவர் தரம் 9 பாடநூலை வாசித்து விளங்கிக்கொள்வர். தரம் 9 மாணவருக்குத் தரம் 11 பாடநூல் விளங்காது. மெய்நிகர் இயந்திரமும் இவ்வாறானதே. புதிய இயந்திரம் பழைய கிளாஸ் கோப்பை ஏற்கும். பழைய இயந்திரம் புதிய கிளாஸ் கோப்பை ஏற்காது. எனவே ஜாவா 8 இயந்திரம் 52 வரையான எண்களையே ஏற்கும். 61 என்னும் எண்ணைக் கண்டதும் "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்" என்னும் வழுவைத் தந்து நின்றுவிடும். ஆதரிக்கப்படாத கிளாஸ் பதிப்பு என்பது இதன் பொருள். ஜாவா 8 இல் இச்செய்தி இரு எண்களையும் தரும்: கோப்பின் எண் 61, இயந்திரம் ஏற்கும் உச்ச எண் 52.

ஆயினும், பழையது எல்லாம் புதியதில் இயங்கும் என எப்போதும் கூற முடியாது. ஜாவா 5 இல் "ஈனம்" என்பது ஒதுக்கிய சொல்லாயிற்று. அதனை மாறியின் பெயராகக் கொண்ட பழைய மூலச் செய்நிரலைப் புதிய தொகுப்பான் மறுக்கும். எக்ஸ்எம்எல் தரவைக் கையாளும் "ஜாக்ஸ்பி" நூலகம் ஜாவா 11 இல் ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தும் பழைய செய்நிரலுக்கு அந்த நூலகத்தைத் தனியே சேர்த்தல் வேண்டும்.

5. பதிவேட்டின் வழுக்களைத் தீர்த்தல்

வழு 1 – ஆதரிக்கப்படாத கிளாஸ் பதிப்பு

முதலில் இரு பக்கப் பதிப்புகளையும் அறிதல் வேண்டும். கட்டளைச் சாளரத்தில் "ஜாவா -வெர்ஷன்", "ஜாவாசி -வெர்ஷன்" ஆகிய இரு கட்டளைகளையும் இடுக. இரண்டும் ஒரே பதிப்பைக் காட்டும் என எண்ண வேண்டாம். கணினியில் இரண்டு ஜாவாக்கள் இருக்கலாம். அன்றியும் விண்டோஸில் கட்டளைச் சாளரம் பாத் மாறியைப் பார்க்கும். டொம்கட்டைத் தொடக்கும் கோப்போ "ஜாவா ஹோம்", "ஜேஆர்இ ஹோம்" மாறிகளைப் பார்க்கும். ஒன்று 17 ஐயும் மற்றையது 8 ஐயும் காட்டிக்கொண்டிருந்தால் குழப்பம் நிச்சயம்.

இவ்வழுவைத் தீர்க்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, பாடசாலைக் கணினியில் ஜாவா 17 ஐ நிறுவுதல். ஆனால் 32 பிட்டு விண்டோஸுக்கான ஜேடிகேயை ஒராக்கிள் நிறுவனம் 9 ஆம் பதிப்பு முதல் வெளியிடவில்லை. பழைய கணினிகளில் இவ்வழி எளிதன்று. அத்துடன் ஆய்வுகூடக் கணினிகளில் மென்பொருள் நிறுவ ஆசிரியரின் அனுமதியும் வேண்டும். இரண்டாவது வழி, ஜாவா 8 க்கு ஏற்றவாறு மீண்டும் தொகுத்தல். மாணவி மூலச் செய்நிரலையும் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தமையால் இது இயலும். கிளாஸ் கோப்புகளை மாத்திரம் கொண்டுவந்திருந்தால் இயலாது.

ஜாவா 17 தொகுப்பானில் பயன்படுத்த வேண்டிய கட்டளை:

ஜாவாசி --ரிலீஸ் 8 பதிவேடு.ஜாவா

சேர்வ்லெட் ஜார் கோப்பின் இடத்தையும் இக்கட்டளையில் கிளாஸ்பாத்தாகத் தருதல் வேண்டும். "ரிலீஸ்" தெரிவு ஜாவா 9 இல் அறிமுகமானது. அதற்கு முன் "சோர்ஸ்", "டார்கெட்" என்னும் இரு தெரிவுகள் பயன்பட்டன. அவை மொழியின் தொடரியலையும் பதிப்பு எண்ணையும் மட்டுமே மாற்றும், நூலகத்தைச் சோதிப்பதில்லை. "ரிலீஸ்" தெரிவு அந்தப் பதிப்பின் நூலகத்தில் இல்லாதவற்றையும் தொகுக்கும்போதே காட்டும்.

வழு 2 – குறியீட்டைக் காண முடியவில்லை

மேற்படி கட்டளையை இட்டதும் "இஸ்பிளாங்க்" என்னும் முறையைக் காண முடியவில்லை எனத் தொகுப்பான் கூறியது. தொழிலாளியின் பெயர் வெறுமையாக உள்ளதா எனப் பார்க்க மாணவி அதனைப் பயன்படுத்தியிருந்தாள். அம்முறை ஜாவா 11 இல் சேர்க்கப்பட்டது. ஜாவா 8 இல் இல்லை. அதற்குப் பதிலாக "ட்ரிம்" முறையால் ஓரங்களிலுள்ள இடைவெளிகளை நீக்கிவிட்டு "இஸ்எம்ப்டி" முறையால் சோதித்தல் வேண்டும். பின்னது ஜாவா 6 முதல் உள்ளது.

"சோர்ஸ்", "டார்கெட்" தெரிவுகளை மட்டும் பயன்படுத்தியிருந்தால் இவ்வழு தொகுக்கும்போது தோன்றியிராது. பாடசாலையில், ஆசிரியர் முன்னிலையில், இயக்கநேர வழுவாகத் தோன்றியிருக்கும். வழு எவ்வளவு விரைவாகத் தெரியவருகின்றதோ அவ்வளவு நன்று.

வழு 3 – சேவையகத்தின் பதிப்பு

இப்போது கிளாஸ் கோப்பின் எண் 52. ஆயினும் டொம்கட் 9 இல் வேறொரு வழு: "ஜகார்த்தா" பொதியிலுள்ள சேர்வ்லெட் கிளாஸைக் காணவில்லை.

இதன் காரணம் வரலாற்றோடு தொடர்புடையது. இணையச் செய்நிரல்களுக்கான ஜாவா நூலகங்களின் பொதிப் பெயர்கள் நீண்டகாலம் "ஜாவாஎக்ஸ்" எனத் தொடங்கின. 2017 இல் ஒராக்கிள் அத்தொகுதியை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஜாவா என்னும் பெயர் ஒராக்கிளின் வணிகக் குறி என்பதால் தொகுதிக்கு "ஜகார்த்தா" என்னும் புதிய பெயர் இடப்பட்டது. 2020 டிசம்பரில் வெளியான 9 ஆம் பதிப்பில் பொதிப் பெயர்களும் மாற்றப்பட்டன. டொம்கட் 9 பழைய பெயரையும் டொம்கட் 10 புதிய பெயரையும் பயன்படுத்துகின்றன.

டொம்கட் – தேவையான மிகக் குறைந்த ஜாவா – பொதியின் தொடக்கம்
7 – 6 – ஜாவாஎக்ஸ்
8 – 7 – ஜாவாஎக்ஸ்
9 – 8 – ஜாவாஎக்ஸ்
10.1 – 11 – ஜகார்த்தா
11 – 17 – ஜகார்த்தா

ஜாவா 8 உள்ள கணினியில் டொம்கட் 10.1 இயங்காது என்பது அட்டவணையிலிருந்து தெளிவாகும். எனவே மாணவி தனது இறக்குமதிக் கூற்றுகளில் சேர்வ்லெட் பொதியின் பெயரை "ஜகார்த்தா" என்பதிலிருந்து "ஜாவாஎக்ஸ்" என மாற்றி, டொம்கட் 9 உடன் வரும் சேர்வ்லெட் ஜார் கோப்பைக் கிளாஸ்பாத்தில் இட்டு மீண்டும் தொகுத்தல் வேண்டும்.

கவனிக்க: சேர்வ்லெட்டின் முகவரி வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் அன்றி கிளாஸின் மேல் உள்ள குறிப்பில் தரப்பட்டிருந்தால், டொம்கட் 9 அப்புதிய குறிப்பை அறியாது. அப்போது பக்கம் இல்லை என்னும் 404 செய்தி மாத்திரமே தோன்றும். எனவே 404 ஐக் கண்டவுடன் முகவரி பிழை என முடிவு செய்ய வேண்டாம். டொம்கட்டின் "லாக்ஸ்" கோப்புறையைத் திறந்து பார்த்து, இறக்குமதிக் கூற்றுகளையும் சரிபார்க்க.

6. தமிழ் எழுத்தும் தொகுப்பானும்

வழு 4 – குறிமுறை

ஜாவா தொடக்கம் முதலே யுனிகோட் அடிப்படையிலானது. "நிறை" எனத் தமிழிலேயே மாறிக்குப் பெயரிடவும் அது இடமளிக்கும். அவ்வாறிருக்க மாணவியின் செய்நிரலிலுள்ள தமிழ்த் தலைப்புகளைத் தொகுப்பான் ஏன் மறுத்தது?

அவள் முன்னர் விருத்திச் சூழல் மென்பொருளொன்றில் தொகுத்தாள். அது கோப்பை யூடிஎஃப்-8 என வாசித்தது. பின்னர் கட்டளைச் சாளரத்தில் தொகுத்தாள். ஜாவா 17 வரையான தொகுப்பான்கள், வேறு எதுவும் கூறப்படாதபோது பணிசெயல் முறைமையின் குறிமுறையையே எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது பொதுவாக விண்டோஸ்-1252 ஆகும்.

யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளைப் பெறும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிக்கு உரிய பைட்டுகள் தசம முறையில் 224, 175, 141 ஆகும். விண்டோஸ்-1252 இல் 141 ஆம் இடத்துக்கு எழுத்து எதுவும் இல்லை. எனவே "கொழுந்து" என்னும் சொல்லில் வரும் "ந்" என்பதன் புள்ளியில் தொகுப்பான் முறையிடும். புள்ளியற்ற சொல்லாயின் முறையிடாமலும் போகலாம். ஆனால் திரையில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் தோன்றும்.

தீர்வு, குறிமுறையைக் கட்டளையிலேயே கூறுதல்:

ஜாவாசி -என்கோடிங் யூடிஎஃப்-8 --ரிலீஸ் 8 பதிவேடு.ஜாவா

2022 மார்ச்சில் வெளியான ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 இயல்பான குறிமுறையாயிற்று. இருப்பினும் பழைய கணினிகளை மனதில் கொண்டு இத்தெரிவை எப்போதும் எழுதுதல் நல்ல பழக்கமாகும். சேர்வ்லெட் உலாவிக்கு அனுப்பும் பதிலிலும் ஜேஎஸ்பி பக்கத்தின் தலைப்பிலும் யூடிஎஃப்-8 எனக் குறிப்பிடுதல் வேண்டும்.

இன்னொரு சிறு பொறி: பழைய நோட்பேட் மென்பொருளில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறியொன்று சேர்க்கப்படும். தொகுப்பான் யூடிஎஃப்-8 ஆக வாசிக்கும்போது முதலாவது வரியிலேயே "செல்லாத எழுத்து 65279" எனக் கூறினால் காரணம் இதுவேயாகும். அக்குறி இன்றிச் சேமிக்கும் வேறொரு பதிப்பியைப் பயன்படுத்துக.

7. அடக்கப்பட்ட செய்தி

வழு 5 – தருக்க வழு

நான்கு வழுக்களும் தீர்ந்தன. செய்நிரல் பாடசாலைக் கணினியில் இயங்கியது. மாணவி அன்றைய நிறைகளை உட்புகுத்தினாள்: 5.5, 6.5, 6.0 கிலோகிராம். மொத்தம் 17 எனத் திரை காட்டியது. கையால் கூட்டினால் 18 வருகின்றது.

மூலச் செய்நிரலைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. பல நாட்களுக்கு முன் அவள் தசம எண்ணை முழுவெண் மாறியொன்றில் இட முயன்றாள். "டபிள் வகையிலிருந்து இன்ட் வகைக்கு மாற்றுகையில் இழப்பு ஏற்படலாம்" எனத் தொகுப்பான் அப்போதே எச்சரித்திருந்தது. அவசரத்தில் அவள் எண்ணின் முன்னே அடைப்புக்குறிக்குள் "இன்ட்" என எழுதினாள். செய்தி மறைந்தது. ஆனால் இழப்பு மறையவில்லை. ஜாவா தசமப் பகுதியை வெட்டிவிடும்; மட்டந்தட்டுவதில்லை. ஆகவே 5 + 6 + 6 = 17 ஆயிற்று.

ஒரு கிலோ தானே என எண்ண வேண்டாம். ஒரு நாளுக்குரிய நிறை 18 கிலோகிராம் என எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். 18 பறித்தவருக்கு முழுப் பேர். 17 பறித்தவருக்கு அரைப் பேர். தொகுப்பானின் வாயை அடைத்த அந்த ஒரு சொல், நாள் முழுவதும் மலையில் நின்றவரின் அரை நாள் உழைப்பை அழித்துவிடும். அதுவும் தாயின் கணக்கைச் சரிபார்ப்பதற்கென்றே மகள் எழுதிய பதிவேட்டில்.

திருத்தம்: நிறையைக் கிராமில் முழுவெண்ணாகச் சேமித்தல். 5.5 கிலோகிராம் என்பது 5500 கிராம். 5500 + 6500 + 6000 = 18000 கிராம். காட்டும்போது மட்டும் 1000 ஆல் வகுத்துக் கிலோகிராமில் காட்டலாம். வகுக்கும் எண்ணை 1000.0 எனத் தசமமாக எழுதுதல் வேண்டும், இல்லையேல் மீண்டும் தசமப் பகுதி வெட்டப்படும். "டபிள்" வகை மாறியும் இங்கு சரியான விடையைத் தரும், ஆயினும் 0.1, 0.2 போன்ற பின்னங்களைத் துவித முறையில் மிகச் சரியாகச் சேமிக்க முடியாது என்பதால், நிறையையும் பணத்தையும் சிறிய அலகில் முழுவெண்ணாக வைத்தலே பாதுகாப்பானது.

வழுச்செய்தியை அடக்குவது வேறு. வழுவைத் திருத்துவது வேறு. முன்னைய நான்கு வழுக்களும் செய்நிரலை நிறுத்தின, அதனால் கண்டுபிடிக்கப்பட்டன. ஐந்தாவது நிறுத்தவில்லை. விடை தெரிந்த தரவை உட்புகுத்தி, கையால் கணித்த விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தமையாலேயே அது வெளிப்பட்டது. இவ்வாறு செய்வது சோதித்தல் எனப்படும்.

8. நினைவில் கொள்க

1. வழுச்செய்தியை முழுமையாக வாசிக்க. முதலாவது வழுவை முதலில் திருத்துக.
2. வழு எழுந்தது தொகுக்கும்போதா, ஏற்றும்போதா, சேவையகத்திலா எனத் தீர்மானிக்க.
3. தொகுப்பான், மெய்நிகர் இயந்திரம், சேவையகம் ஆகிய மூன்றின் பதிப்புகளையும் தாளில் எழுதுக.
4. செய்நிரலைச் சமர்ப்பிக்கும் கணினியின் பதிப்பை வேலை தொடங்கும் முன்னரே கேட்டறிக.
5. மூலச் செய்நிரலை எப்போதும் உடன் கொண்டுசெல்க.
6. "ரிலீஸ்", "என்கோடிங்" ஆகிய இரு தெரிவுகளையும் பயன்படுத்துக.
7. ஒரு தடவையில் ஒரு மாற்றத்தை மாத்திரம் செய்து மீண்டும் சோதிக்க.
8. செய்தி வராமையைச் சரியான விடை எனக் கொள்ள வேண்டாம்.

9. பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – மிகப் பொருத்தமான விடையைத் தெரிக.

1. ஜாவா 11 க்காகத் தொகுக்கப்பட்ட கிளாஸ் கோப்பின் பெரும் பதிப்பு எண் யாது?
(1) 49 (2) 52 (3) 55 (4) 61

2. கூற்றொன்றின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால் தோன்றுவது,
(1) தொடரியல் வழு (2) தருக்க வழு (3) இயக்கநேர வழு (4) வன்பொருள் வழு

3. பின்வருவனவற்றுள் சரியானது எது?
(1) ஜாவா 8 இயந்திரம் ஜாவா 17 கிளாஸ் கோப்பை ஏற்கும்
(2) ஜாவா 17 இயந்திரம் பெரும் பதிப்பு எண் 52 உடைய கிளாஸ் கோப்பை ஏற்கும்
(3) கிளாஸ் கோப்பு நேரடியான பொறி மொழியாகும்
(4) பதிப்பு எண்ணை உலாவி எழுதுகின்றது

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை வினாக்கள்

4. ஒரு கிளாஸ் கோப்பின் 7 ஆம், 8 ஆம் பைட்டுகள் பதினறும முறையில் 00 41 ஆகும்.
(அ) இதனைத் தசம எண்ணாக மாற்றுக. படிமுறைகளைக் காட்டுக.
(ஆ) இது எந்த ஜாவா பதிப்புக்கு உரியது?
(இ) ஜாவா 17 நிறுவப்பட்ட கணினியில் இது இயங்குமா? காரணம் தருக.

5. மாணவர் ஒருவரின் செய்நிரல் வீட்டில் டொம்கட் 10.1 இல் இயங்குகின்றது; பாடசாலையில் டொம்கட் 9 இல் இயங்கவில்லை. இரு கணினிகளிலும் ஜாவா 11 உள்ளது. நிகழக்கூடிய காரணத்தையும் திருத்தத்தையும் எழுதுக.

6. தொகுப்பு வழு, தருக்க வழு ஆகியவற்றுக்கிடையிலான இரு வேறுபாடுகளைக் கொழுந்து நிறைப் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

விடைகள்

1. (3). 11 + 44 = 55.
2. (1)
3. (2)
4. (அ) (4 × 16) + (1 × 1) = 65. (ஆ) 65 − 44 = 21; ஜாவா 21. (இ) இயங்காது. ஜாவா 17 இயந்திரம் ஏற்கும் உச்ச எண் 61 ஆகும். 65 அதனிலும் பெரியது.
5. ஜாவா பதிப்பு ஒன்றாகையால் கிளாஸ் பதிப்பு காரணமாகாது. டொம்கட் 10.1 "ஜகார்த்தா" பொதியையும் டொம்கட் 9 "ஜாவாஎக்ஸ்" பொதியையும் பயன்படுத்துகின்றன. இறக்குமதிக் கூற்றுகளை மாற்றி, டொம்கட் 9 இன் சேர்வ்லெட் நூலகத்துடன் மீண்டும் தொகுத்தல் வேண்டும்.
6. தொகுப்பு வழுவைத் தொகுப்பான் செய்தியுடன் காட்டும். தருக்க வழுவைக் காட்டாது. தொகுப்பு வழு உள்ளபோது கிளாஸ் கோப்பு உருவாகாது. தருக்க வழு உள்ளபோது செய்நிரல் இயங்கித் தவறான விடையைத் தரும். "இஸ்பிளாங்க்" முறையைக் காணாமை முதலாவதற்கும், 18 கிலோகிராம் 17 எனக் காட்டப்பட்டமை இரண்டாவதற்கும் எடுத்துக்காட்டுகளாகும்.